போத்தும் பதியனும்: உப்புக் காற்று வீசும் குப்பங்களில் வீட்டுச் செடி வளர்த்தல்

பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் ஒரு செடியை நட்டு ஆளாக்குவது எளிய காரியமன்று. நிலம் மணல். காற்று உப்பைச் சுமந்து வருகிறது. மழைக்காலத்தில் இனிக்கும் கிணற்று நீர் கோடையில் கரிக்கத் தொடங்குகிறது. வெளியூர்ப் பண்ணைகளிலிருந்து வண்டியில் வந்திறங்கும் நாற்றுகள் நட்ட மாதத்தில் செழித்து நின்று, பங்குனி சித்திரையில் இலை நுனி கருகி, ஆனிக்குள் குச்சியாகி விடுவதைக் கடலோரப் பஞ்சாயத்து அங்கத்தினர் பலரும் கண்டிருப்பார்கள். இதனால், "எங்கள் ஊரில் எதுவும் வராது" என்னும் எண்ணம் ஊன்றிவிடுகிறது.

ஆனால் அதே தெருவில் யாரேனும் ஒருவர் வீட்டு வாசலில் செம்பருத்தி பூத்துக்கொண்டுதான் இருக்கும். வலை காயப்போடும் இடத்தில் ஒரு பூவரசு நிழல் தந்து நிற்கும். கொல்லையில் ஒரு முருங்கை ஆண்டுதோறும் காய்க்கும். அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால், பெரும்பாலும் விடை ஒன்றே: "இன்னார் வீட்டில் ஒரு கிளை ஒடித்து வந்து நட்டோம்." உப்பையும் காற்றையும் பல ஆண்டுகள் தாங்கிக் காட்டிய தாய்ச்செடி ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதனைப் பெருக்கும் வழியும் செலவில்லாத வழி. இங்கே விளக்க முற்படுவது அவ்வழியையே.

பெயர்களை முதலில் தெளிவு செய்துகொள்வோம். கிளையை வெட்டி நேரே நிலத்தில் ஊன்றுவது போத்து நடுதல். தாய்ச்செடியிலிருந்து பிரிக்காமலே கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, வேர்விட்ட பின் அறுத்தெடுப்பது பதியன் போடுதல். கரும்பு, மரவள்ளி முதலியவற்றின் தண்டுத் துண்டுகளைக் கரணை என்கிறோம். யாழ்ப்பாணத்தார் வேலியில் ஊன்றும் உயிர்ப்போத்துகளைக் கதியால் என்பர். அங்கே கிளுவை, பூவரசு, முருங்கை, முள்முருங்கை ஆகியவற்றின் கதியால்களே வீட்டு வேலியாக நின்று, ஆட்டுக்குத் தழையும், தோட்டத்துக்குப் பசுந்தாள் உரமும், சமையலுக்குக் கீரையும் தருகின்றன. கடலும் மணலும் சூழ்ந்த அத்தீபகற்பத்தின் வேலி முறை நம் குப்பங்களுக்கு நன்கு பொருந்தக் கூடியது. மூங்கில் தட்டியும் கம்பியும் உப்புக் காற்றில் சில ஆண்டுகளே நிற்கின்றன. கதியால் வேலியோ ஆண்டுக்கு ஆண்டு பருத்துக்கொண்டே போகிறது.

விதையிலிருந்து வரும் செடி தாயைப் போலவும் இருக்கலாம், வேறுபடவும் செய்யலாம். போத்திலிருந்து வரும் செடியோ அப்படியே தாயின் மறுபடி. தாய் உப்பைத் தாங்கினால் அதுவும் தாங்கும். தாய் அடுக்குப் பூவாயின் அதுவும் அடுக்குப் பூவே. இவ்வொரு காரணத்தினாலேயே கடலோர ஊருக்குப் போத்து ஏற்றதாகிறது.

உப்பு செய்யும் தீங்கு

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆரணியாறு, காளங்கி முதலிய ஆறுகளின் நீர் ஐப்பசி கார்த்திகையில் ஏரியில் சேரும்போது அதன் உப்பு வெகுவாகக் குறைகிறது. கோடையில் ஆற்று வரத்து நின்று, முகத்துவாரமும் மணல் அடைத்துக்கொண்டால், வெயிலில் நீர் வற்றி உப்பு மிகுகிறது. சில வேளை கடல் நீரைவிடவும் மிகுந்துவிடும். கரையில் வாழும் செடிகளும் இந்த ஏற்ற இறக்கத்திற்கு உட்பட்டவையே.

மணலுக்கடியில் நடப்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். மணலில் இறங்கிய மழைநீர், கீழேயுள்ள உவர்நீரைவிட எடை குறைந்ததாதலால், அதன்மேல் ஒரு படலமாக மிதக்கிறது. குப்பங்களில் ஆழமில்லாத கிணறுகளே நல்ல நீர் தருவதற்கும், ஆழப்படுத்தினால் கரிப்பதற்கும் காரணம் இதுவே. மார்கழி தையில் இப்படலம் தடித்திருக்கும். வைகாசியில் மெலிந்துவிடும்.

வேருள்ள செடிக்கு உப்பைத் தடுக்கும் ஆற்றல் ஓரளவேனும் உண்டு. வேரின் தோல் நீரை உள்ளே விட்டு, உப்பில் ஒரு பகுதியை வெளியே நிறுத்துகிறது. வேரில்லாத போத்துக்கு அந்தக் காவல் இல்லை. வெட்டுவாய் வழியே உப்பு நேரே உள்ளே ஏறுகிறது. அன்றியும், உவர் மண் செடியிலிருந்து நீரை இழுக்கும் தன்மையுடையது. எனவே, தாய்ச்செடி உப்பைத் தாங்குகிறது என்று எண்ணிப் போத்துக்கும் கரிப்பு நீரையே ஊற்றுவது கூடாது. வேர் பிடிக்கும் வரை, அதாவது ஏறக்குறைய ஆறு வாரம் முதல் எட்டு வாரம் வரை, அதற்கு நல்ல நீர் வேண்டும். குடிதண்ணீருக்கே வரிசையில் நிற்கும் ஊரில் இது பெரிய கோரிக்கைதான். ஆனால் ஒரு பெட்டி நிறையப் போத்துகளுக்கு நாள் ஒன்றுக்கு ஓரிரண்டு சொம்பு நீரே போதும். நிலத்தில் தனித்தனியே நட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குடம் ஆகும். சிறு போத்துகளை முதலில் பெட்டியிலோ தொட்டியிலோ வேர்விடச் செய்து, பிறகு நிலத்திற்கு மாற்றுவதன் சிறப்பு இதுவே.

வெட்டிய கிளை வேர்விடுவது எவ்வாறு?

கிளையின் பட்டைக்கும் உள்மரத்திற்கும் இடையே நகத்தால் கீறினால் தெரியும் மெல்லிய பசிய படை ஒன்றுண்டு. செடி பருப்பது இந்த வளர்படையினால்தான். கிளையை வெட்டியதும் வெட்டுவாயில் காயம் ஆறுவதுபோல் ஒரு தழும்பு கட்டுகிறது. வளர்படையின் அருகிலுள்ள அணுக்கள் புதிதாகப் பிரிந்து வேர்முளைகளாகின்றன. கணுக்களின் அருகே இது விரைவில் நிகழும். ஆதலால் அடி வெட்டு எப்பொழுதும் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இருத்தல் வேண்டும்.

இவ்வேலையைத் தூண்டும் பொருள் குருத்திலும் இளந்தளிரிலும் உண்டாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. தாவரங்களில் அப்படியொரு வளர்ச்சிப் பொருள் உண்டென்பதை ஹாலந்து நாட்டு அறிஞர் பிரிட்ஸ் வெண்ட் 1928இல் ஓட்ஸ் நாற்றுகளைக் கொண்டு மெய்ப்பித்தார். ஆக்சின் என்பது அதன் பெயர். இன்று விதைக் கடைகளில் வேர்த்தூள் என்று விற்கப்படுவது இதன் இனத்தைச் சேர்ந்த இண்டோல் பியூட்ரிக் அமிலமே. மல்லிகை போன்று தயங்கி வேர்விடும் செடிகளுக்கு அது உதவும். முருங்கைக்கும் பூவரசுக்கும் அதை வாங்குவது வீண் செலவு.

ஆக்சின் மேலிருந்து கீழே செல்வதால், வேர் எப்பொழுதும் கிளையின் அடிமுனையிலேயே பிறக்கும். தலைகீழாக நட்ட போத்து அரிதாகவே பிழைக்கும். இலையுதிர்த்த குச்சிகளில் அடி எது, நுனி எது என்று மயங்குவது இயல்பு. வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிவிட்டால் இம்மயக்கம் நேராது.

பனையையும் தென்னையையும் போத்தாக நட முடியாததன் காரணமும் இங்கேயே விளங்கும். அவற்றுக்கு வளர்படை கிடையாது. ஓலைப் பெட்டி முடையும் கைத்தொழில் நடக்கும் பழவேற்காட்டுப் பகுதிக்குப் பனை இன்றியமையாதது. ஆனால் அதற்கு விதையைத் தவிர வேறு வழியில்லை. ஏரிக்கரையின் அலையாத்தியும் அப்படியே. அதன் விதை மரத்திலிருக்கும்போதே முளைக்கத் தொடங்கி, விழுந்த சேற்றில் வேர் ஊன்றிக்கொள்ளும். கிளையை ஒடித்துச் சேற்றில் குத்துவதால் பயனில்லை.

பெட்டி, மணல், நிழல்

மீன் வரும் ஊரில் தெர்மோகோல் பனிக்கட்டிப் பெட்டிகளுக்குக் குறைவில்லை. உடைந்து கரையில் கிடந்து, துகள் துகளாக ஏரியில் கலக்கும் இப்பெட்டிகளில் நல்ல நிலையில் உள்ளவற்றைப் பொறுக்கி நாற்றுப்பெட்டியாக்கலாம். வெயிலின் சூடு உள்ளே ஏறாது என்பது இவற்றின் தனி நன்மை. மண் தொட்டியைவிட ஈரமும் நீடித்து நிற்கும். நல்ல நீரில் இருமுறை கழுவி, அடியில் விரல் பருமனுள்ள எட்டுப் பத்துத் துளைகள் இட்டு, இரண்டு செங்கல்லின்மேல் வைக்க வேண்டும். துளையை மூடத் தேங்காய் நார் போடுவோர் அந்நாரையும் ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்த பின்னரே போடுக. உப்பங்கழியில் ஊறவைத்து எடுத்த நாரில் உப்பு இருக்கும்.

நிரப்புவதற்கு மேட்டு மணலே நன்று. அலையடிக்கும் இடத்து மணலும், வலை அலசும் இடத்து மணலும் ஆகா. எந்த மணலாயினும் பெட்டியில் இட்டபின் அதன் அளவைப்போல் இருமடங்கு நல்ல நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி வடிய விட வேண்டும். அடியில் வடியும் நீரின் ஒரு துளியை நாவில் வைத்துத் துப்பிப் பார்த்தால் கரிப்பு உண்டா இல்லையா என்று தெரியும். கரித்தால் இன்னொரு முறை கழுவுக. மழைக்காலத்தில் பெட்டியை வாசலில் வைத்துவிட்டால் இவ்வேலையை மழையே செய்துவிடும். மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு நன்கு மக்கிய குப்பை போதும். பச்சைச் சாணமும் மீன் கழிவும் இந்நிலையில் சேர்த்தல் கூடாது. வெட்டுவாய் அழுகிவிடும். மீன் அலசிய நீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் நல்லதே. ஆனால் அது வேரூன்றி ஆறு மாதமான செடிக்கே உரியது.

கிளையைக் காலையில் வெட்டுக. பூவும் மொட்டும் உள்ள கிளை வேண்டாம். அதன் வலிமையெல்லாம் பூவுக்கே போய்விடும். நோயற்ற தாய்ச்செடியில், மிக இளையதுமன்றி மிக முற்றியதுமன்றி, வளைத்தால் ஒடியும் பக்குவத்தில் உள்ள பென்சில் பருமனான கிளையைத் தேர்ந்து, கூரிய கத்தியால் அரையடி நீளத்துக்கு வெட்டவேண்டும். மழுங்கிய கத்தி பட்டையை நசுக்கும். மீன் அரியும் கத்தியாயின் சோப்பிட்டுக் கழுவி, அனலில் ஒருமுறை வாட்டி எடுக்கவும். நுனியில் இரண்டொரு இலைகளை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். பெரிய இலையாயின் பாதியாக நறுக்கிவிடலாம். இலை முழுவதையும் விட்டுவைத்தால், வேரில்லாத தண்டு ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு நீர் ஆவியாகும். முழுவதையும் எடுத்துவிட்டால் ஆக்சின் பிறக்கும் இடமும் குறையும்.

மணலில் முதலில் குச்சியால் துளையிட்டு, அதில் போத்தை இரண்டு கணுக்கள் புதையும்படி வைத்துச் சுற்றிலும் அழுத்துக. நேரே குத்தினால் வெட்டுவாய் சிராய்ந்து போகும். பெட்டி இருக்க வேண்டிய இடம் வெளிச்சம் உண்டு, நேர் வெயில் இல்லை என்னும் இடம். கடற்காற்று அடிக்கும் பக்கத்தில் சுவரோ ஓலைத் தட்டியோ மறைப்பாக இருக்கட்டும். கழித்துப்போட்ட நைலான் வலையை நன்கு அலசி இரண்டு மூன்று மடிப்பாக மேலே கட்டினால் நிழலுக்கும் ஆகும், ஆட்டுக்கும் கோழிக்கும் தடையுமாகும். மணல் எப்பொழுதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் நீர் தேங்கக் கூடாது. பெட்டிக்கடியில் தட்டு வைப்போர் வாரம் இருமுறை அதைக் கவிழ்த்துவிடுக. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தேங்கிய நல்ல நீரிலேயே முட்டையிடுகிறது. கண்ணாடிப் புட்டியில் நீரூற்றி மணிபிளாண்ட் வளர்க்கும் வீடுகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

போத்து வேர்விட்டதா என்று பிடுங்கிப் பார்க்கும் ஆவலைச் சிறுவர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் அடக்குவதில்லை. துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டதென்று எண்ணுவதும் தவறு. தண்டில் உள்ள சேமிப்பைக் கொண்டே முதல் துளிர் வரும். இரண்டாம் முறை வந்த இலை விரிந்து நிலைத்த பிறகு, மெல்ல இழுத்தால் பிடித்துக்கொண்டு நிற்குமாயின், அதுவே அடையாளம்.

காலத்தைப் பற்றி ஒரு சொல். வன மகோத்சவம் 1950ஆம் ஆண்டு முதல் ஜூலை முதல் வாரத்தில் நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. வட இந்தியாவுக்கும் மேற்குக் கரைக்கும் அது ஏற்ற பருவம். சோழமண்டலக் கரைக்கோ பெருமழை ஐப்பசியில்தான் வருகிறது. ஜூலையில் நிலத்தில் நட்ட செடி மூன்று மாதம் நீருக்கு ஏங்கி நிற்க வேண்டியதாகிறது. ஆகவே ஆடி ஆவணியில் பெட்டியில் போத்து வைத்து, புரட்டாசியில் வேர் பிடிக்க விட்டு, ஐப்பசி முதல் மழை நிலத்து உப்பைக் கழுவி இறக்கியதும் நடுவதே நம் பகுதிக்கு உகந்த முறை. அதன்பின் மார்கழி வரை வானமே நீரூற்றும். கோடை வருமுன் ஐந்து மாதம் கிடைத்துவிடும்.

எந்தச் செடி, எந்த முறை

முருங்கையை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 2019–21ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். மீனுக்குக் குறைவில்லாத குப்பத்தில் கீரைக்குக் குறைவு உண்டு. இரும்பும் சுண்ணாம்பும் வைட்டமின் ஏ சத்தும் நிறைந்த முருங்கைக் கீரை கொல்லையிலேயே கிடைக்குமாயின், கீரைக்காகச் சந்தையை எதிர்பார்க்க வேண்டுவதில்லை. மீனோடு சேர்த்து உண்ணும்போது கீரையிலுள்ள இரும்பு உடலில் மேலும் நன்றாகச் சேர்கிறது என்பதும் அறியத்தக்கது.

முருங்கையில் இரு வகை உண்டு. 1989இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 விதையினால் பயிராவது. வயலில் பயிரிடுவோர்க்கு உரியது. யாழ்ப்பாண முருங்கை முதலிய பல்லாண்டு மரங்களைப் போத்தினால்தான் பெருக்குகிறார்கள். வீட்டுக்கு வேண்டுவது இப்பின்னவையே. கை மணிக்கட்டுப் பருமனில் மூன்று முதல் மூன்றரை அடி நீளமுள்ள போத்தைக் காய் முடிந்த மரத்தில் வெட்டி, ஓரிரு நாள் நிழலில் கிடத்திப் பால் உலர்ந்தபின், ஒன்றரை அடி ஆழக் குழியில் மூன்றில் ஒரு பங்கு புதையும்படி நடுக. மேல்முனை வெட்டில் பசுஞ்சாணம் அப்பினால் மழைநீர் இறங்கி அழுகாது. முருங்கை வறட்சியைத் தாங்கும், நீர் தேங்குவதைத் தாங்காது. ஐப்பசி வெள்ளம் நிற்கும் தாழ்வான கொல்லைகளில் இரண்டடி உயர மேடு கட்டி அதன்மேல்தான் நடவேண்டும். அதுவும் இயலாவிடில் வெள்ளம் வடிந்த மார்கழியில் நடுவது மேல். ஒரு ஆள் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிக் கிளைக்க விடுக. நெடிது வளர்ந்த முருங்கை புயலுக்கு ஒடியும். கம்பளிப்பூச்சி வந்தாலும் எட்டாது.

பூவரசு கடலோரத்திற்கென்றே பிறந்த மரம். உப்பும் காற்றும் அதற்குப் பொருட்டல்ல. புயத்தளவு பருத்த கிளையும் வேர்விடும். மரம் படகு வேலைக்கும் வண்டி வேலைக்கும் ஆகும். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை ஊரில் இராது. வலை பின்னுவோர்க்கும் மீன் தரம் பிரிப்போர்க்கும் நிழல் தேவைப்படும் கரையோரப் பொது இடங்களுக்கு இதைவிட ஏற்ற மரம் இல்லை என்பது நம் கருத்து. ஆறடிப் போத்தாக ஊன்றினால் ஆட்டின் வாய்க்கு எட்டாமல் துளிர்க்கும்.

மல்லிகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மதுரை மல்லிகை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெரும் பூவின் நாற்றுகள் பிறக்கும் இடம் மதுரையன்று. இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் முதலிய ஊர்களின் மணலில்தான் மல்லிகைப் போத்துகளை நெருக்கமாக நட்டு வேர்விடச் செய்து, கட்டுக் கட்டாகத் தமிழகமெங்கும் அனுப்புகிறார்கள். கடல் சூழ்ந்த ஊர், மீன்பிடி ஊர், மணல் நிலம்: இவையெல்லாம் நம் குப்பங்களுக்கும் உண்டு. கடலோர மணல் வேருக்கு நல்ல காற்றோட்டம் தருகிறது. நீர் தேங்காது. களிமண்ணில் அழுகும் போத்து இங்கே பிழைக்கிறது. மணல் நிலத்தைக் குறையென்று எண்ணும் பஞ்சாயத்துகள் இதனைக் கருதிப் பார்க்க வேண்டும். தங்கச்சிமடத்தின் வாணிகத்தை ஓராண்டில் இங்கே கொண்டுவந்து விடலாம் என்று சொல்வது மிகையாகும். அங்கே தலைமுறை அனுபவம் இருக்கிறது, வாங்குவோர் தொடர்பு இருக்கிறது. வீட்டுக்கு வேண்டிய பூவையும், அக்கம்பக்கத்து ஊர்களுக்கு வேண்டிய சில நூறு நாற்றுகளையும் விளைவித்துக்கொள்வது எட்டக்கூடியதே.

நம் மணலில் கிளிஞ்சல் துகள் மிகுதி. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மல்லிகை, இட்லிப்பூ ஆகியவற்றின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளித்துப் போகும். இது இரும்புச் சத்துக் குறை. மக்கிய குப்பை தாராளமாக இடுவதும், ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் அன்னபேதியைக் கரைத்து மாலையில் இலைமேல் தெளிப்பதும் இதனைத் தீர்க்கும்.

கனகாம்பரத்தில் டில்லிக் கனகாம்பரம் என்னும் செம்மஞ்சள் வகை விதையே கட்டாதது. போத்தினால் மட்டுமே பெருகும். நுனித்தண்டு நான்கு அங்குலம் போதும். செம்பருத்தி, நந்தியாவட்டை, மருதாணி, மாதுளை, நொச்சி, ஆடாதொடை இவையெல்லாம் மேற்சொன்ன பெட்டி முறையில் எளிதில் வேர்விடுவன. கற்பூரவல்லியும் பிரண்டையும் ஒரு கணு மண்ணில் பட்டாலே போதும். அரளி உப்பைத் தாங்கும், எளிதில் வேர்விடும், அழகாகப் பூக்கும். ஆனால் வேர் முதல் பூ வரை நஞ்சு. குழந்தைகளும் ஆடுகளும் உலவும் முற்றத்தில் வேண்டாம்.

கறிவேப்பிலைக் குச்சியை நட்டு ஏமாறாத வீடு அரிது. அதன் தண்டு எளிதில் வேர்விடாது. தாய்மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றை, அதன் வேர்த்துண்டோடு மழைக்காலத்தில் பெயர்த்து நடுவதே வழி. அல்லது பழத்தைப் பறித்தவுடன் விதைக்கலாம். விதை உலர்ந்தால் முளைக்காது.

போத்தின் குறைகள்

போத்து மரத்திற்கு ஆணிவேர் இராது. பக்க வேர்களே தாங்கும். 2016 டிசம்பரில் வார்தா புயல் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் மரங்களைச் சாய்த்த காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காற்றைத் தடுப்பதற்காகவே நடும் மரவரிசைகளில் போத்தை மட்டும் நம்புவது சரியன்று. அங்கே புன்னையும் பனையும் வேம்பும் விதைக்கன்றாகவே நடப்பட வேண்டும்.

இரண்டாவது குறை, எல்லாப் போத்துகளும் ஒரே தாயின் மறுபடிகள் என்பது. தாய்க்கு ஆகாத பூச்சி அத்தனைக்கும் ஆகாது. ஆகவே ஒரு செடிக்கு ஒரு தாய் என்று நிறுத்தாமல், மூன்று நான்கு வீடுகளிலிருந்து கிளை எடுக்க வேண்டும். மேலும், கிளையோடு நோயும் பூச்சியும் பயணம் செய்யும். மரவள்ளியில் தேமல் நோய் கரணை வழியாகவே ஊர்விட்டு ஊர் பரவுகிறது. 2008 முதல் தமிழகத்தில் பப்பாளியையும் செம்பருத்தியையும் மல்பெரியையும் வாட்டிய மாவுப்பூச்சி, 2010இல் அதன் பகையான ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்ட பின்னரே அடங்கியது. இலைக்கக்கத்தில் வெள்ளைப் பஞ்சுபோல் ஏதேனும் தெரிந்தால் அக்கிளையை ஊருக்குள் கொண்டுவருதலே கூடாது.

எளிதில் வேர்விடுவதெல்லாம் நல்லதென்று கொள்ளவும் கூடாது. நெய்வேலிக் காட்டாமணக்கு வேலிக்காகக் குச்சி ஊன்றப்பட்டு, பின்பு ஏரி குளங்களையே மூடிவிட்டது. அதன் ஒரு துண்டு நீரில் மிதந்து சென்று கரையேறினால் அங்கே ஒரு புதர். பழவேற்காட்டைப் போன்ற நீர்நிலையின் கரையில் அதை யாரும் நடலாகாது. முன்பே நின்றால் வேரோடு எடுத்துக் காயவைத்து அழிக்கவேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

இவ்வேலைக்குப் பெரிய நிதி வேண்டுவதில்லை. முதலாவது, ஊரிலுள்ள தாய்ச்செடிகளின் பட்டியல் ஒன்று. கோடை முடிவில், ஆனி மாதத்தில், ஓர் அங்கத்தினரும் மகளிர் குழுவில் இருவரும் தெருத் தெருவாகச் சென்று, அந்த வேனிலையும் கடந்து பசுமையாக நிற்கும் முருங்கை, பூவரசு, மல்லிகை, செம்பருத்தி எந்தெந்த வீட்டில் உள்ளன என்று எழுதிக்கொள்ளட்டும். மழைக்காலத்தில் எடுத்த பட்டியல் பயன்படாது. கார்த்திகையில் எல்லாச் செடியும் பசுமைதான்.

இரண்டாவது, நாற்றங்கால். மேல்நிலை நீர்த்தொட்டியினடியிலும் பொதுக் குழாயடியிலும் வழிந்தோடும் நல்ல நீரை ஒரு சிறு தொட்டியில் பிடித்தால், இருபது முப்பது பெட்டிகளுக்குப் போதும். பெட்டிக்கு ஐம்பது போத்து வீதம் இருபது பெட்டிகளில் ஆயிரம் வைத்து, அதில் பாதி பிழைத்தாலும் ஐந்நூறு கன்று. நூறு வீட்டுக்கு ஐந்து வீதம் கொடுக்கலாம். பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும். எல்லாருக்கும் பொது என்று விட்ட தொட்டியில் நீர் ஊற்றுவார் இரார். நீரின் உப்பைத் துல்லியமாக அறிய விரும்பினால், மண்பரிசோதனை நிலையத்தில் சிறு கட்டணத்திற்குச் சோதித்துத் தருவார்கள். திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

கன்றுகளைப் பகிர்வதில் மனத்தாங்கல் வருவதுண்டு. யாருக்கு முதலில், யாருக்கு எத்தனை என்னும் கேள்வி எழும். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களுக்கு இதனைக் கற்பிக்க வேண்டுவதில்லை. ஏரியில் வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு என்னும் ஏற்பாட்டைப் பல தலைமுறையாக நடத்தி வருபவர்கள் அவர்கள். நாற்றங்கால் கன்றையும் அவ்வாறே சீட்டெடுத்துக் கொடுத்தால் குறை சொல்வார் இரார். ஒரே நிபந்தனை வைக்கலாம்: இவ்வாண்டு கன்று பெற்றவர், செடி வளர்ந்தபின் அடுத்த ஆண்டு நாற்றங்காலுக்குப் பத்துப் போத்து தரவேண்டும்.

கணக்கெடுப்பதிலும் ஒரு திருத்தம் தேவை. இத்தனை கன்று நட்டோம் என்று ஐப்பசியில் எழுதும் எண்ணிக்கையோடு நிறுத்திவிடாமல், அடுத்த ஆனியில் தாய்ச்செடிப் பட்டியலை எடுக்கச் செல்பவர்களே, சென்ற ஆண்டுக் கன்றுகளில் எத்தனை நிற்கின்றன, எவ்வெவ் வீட்டுப் போத்திலிருந்து வந்தவை நிற்கின்றன என்பதையும் பக்கத்தில் குறித்துவர வேண்டும். மூன்று ஆனிக் குறிப்புகள் சேர்ந்தால், எந்தத் தெருவுக்கு எந்தத் தாய்ச்செடி ஏற்றது என்பது அப்பட்டியலிலிருந்தே தெரிந்துவிடும்.